கண்டக்டர் வெண்பாவில் தளை எங்கே தட்டுகிறது?

தெகிவளைத் தும்பி:

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கவியரங்கு வருகிறது. அதன் நகைச்சுவைச் சுற்றுக்கு நேரிசை வெண்பா ஒன்று எழுதியிருக்கிறேன். காலி வீதியில் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டை போகும் 100ஆம் இலக்க பஸ்தான் பொருள்.

முன்னுக்குப் போவென்று முழங்கும் கண்டக்டர்
சொன்னபடி நடந்தேன் நானும் - பின்னென்ன
கால்நடையாய்ப் புறக்கோட்டை எட்டியபின் பார்த்தாலும்
இன்னும் வரவில்லை பேருந்து.

எதுகை, கோட்டுக்குப் பின்னால் வரும் தனிச்சொல் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் வாய்விட்டு வாசித்தால் முதல் இரண்டு அடிகளும் இடறுகின்றன. கடைசியில் வரவேண்டிய சிரிப்பும் வரமாட்டேன் என்கிறது. எங்கே பிழை, எப்படித் திருத்துவது? யாப்பு தெரிந்தவர்கள் பிரித்துக் காட்டினால் நன்றி.

அசைபோடுபவர்:

தம்பி, கற்பனை நல்லாயிருக்கு. யாப்புத்தான் ஓட்டை. சீருக்குச் சீர் அலகிட்டு, அதாவது அசை அசையாகப் பிரித்துப் பார்ப்போம்.

அசை பிரிப்பதற்கு முதலில். தனிக் குறிலும் தனி நெடிலும் நேர். குறில் இரண்டு சேர்ந்தாலும், குறிலோடு நெடில் சேர்ந்தாலும் நிரை. பின்னால் வரும் மெய்யெழுத்துக்குக் கணக்கே இல்லை. அந்த மெய்யையும் ஓர் எழுத்தாக எண்ணுகிறவர்களுக்குத்தான் எல்லாச் சீரும் பிழையாகத் தெரியும்.

முன்/னுக்/குப் – நேர் நேர் நேர், தேமாங்காய்.
போ/வென்/று – தேமாங்காய்.
முழங்/கும் – நிரை நேர், புளிமா.
கண்/டக்/டர் – தேமாங்காய்.

சொன்/னப/டி – நேர் நிரை நேர், கூவிளங்காய்.
நடந்/தேன் – புளிமா.
நா/னும் – தேமா.
பின்/னென்/ன – தேமாங்காய்.

கால்/நடை/யாய்ப் – கூவிளங்காய்.
புறக்/கோட்/டை – நிரை நேர் நேர், புளிமாங்காய்.
எட்/டிய/பின் – கூவிளங்காய்.
பார்த்/தா/லும் – தேமாங்காய்.

இன்/னும் – தேமா.
வர/வில்/லை – புளிமாங்காய்.
பே/ருந்/து – தேமாங்காய்.

சீர்கள் எல்லாம் இயற்சீரும் (மா, விளம் என்று முடியும் ஈரசை) வெண்சீரும் (காய் என்று முடியும் மூவசை)தான். நிரையில் முடியும் மூவசையான கனிச்சீர் எதுவும் நுழையவில்லை, அந்த மட்டில் நிம்மதி. தளைக்கு, அதாவது ஒரு சீரின் முடிவும் அடுத்த சீரின் தொடக்கமும் சேரும் மூட்டுக்கு வாருங்கள். மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். வெண்பாவுக்கு இந்த மூன்றைத் தவிர வேறு வழியில்லை.

15 சீர் இருந்தால் 14 மூட்டு. உங்கள் பாட்டில் அவற்றில் 6 கழன்று கிடக்கின்றன. போவென்று–முழங்கும்: காய் முன் நிரை வந்துவிட்டது, கலித்தளை. முழங்கும்–கண்டக்டர்: மா முன் நேர், ஆசிரியத்தளை. சொன்னபடி–நடந்தேன்: மறுபடி கலித்தளை. நடந்தேன்–நானும், நானும்–பின்னென்ன: இரண்டும் ஆசிரியத்தளை. கால்நடையாய்ப்–புறக்கோட்டை: கலித்தளை. இந்த ஆறில் ஐந்து முதல் இரண்டு அடிகளில் இருக்கின்றன. வாசிக்கும்போது அங்கே இடறுவதற்குக் காரணம் அதுதான். உங்கள் காது பிழையில்லை.

ஈற்றடி வேறு சிக்கல். வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கவேண்டும். ‘பேருந்து’ மூவசைச் சீர், அந்த வாசலில் நுழையாது. ‘பஸ்’ நுழையும். ப குறில், ஸ் ஒற்று, மொத்தம் ஒரு நேரசை. நாள் என்ற வாய்பாடு அச்சொட்டாகப் பொருந்துகிறது. முன்னால் நிற்கும் ‘வரவில்லை’ காய்ச்சீர் என்பதால் நேர் தொடங்கும் ‘பஸ்’ஸோடு தளையும் சேர்கிறது.

மற்ற வாய்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். ‘வரும்’, ‘எழும்’ போன்றவை மலர். ‘றோட்டு’, ‘பாட்டு’ காசு. ‘கொழும்பு’ என்ற பெயர் தானாகவே பிறப்பு வாய்பாடு, இந்த ஊர்க்காரருக்கு ஓசியில் கிடைத்த ஈற்றுச்சீர். மலரும் பிறப்பும் நிரையில் தொடங்குவதால் அவற்றுக்கு முன்னால் மாச்சீர் வைக்கவேண்டும். நாளுக்கும் காசுக்கும் முன்னால் விளமோ காயோ.

இனித் திருத்தம்.

முதலடியில் ‘முழங்கும்’ இரண்டு பக்கமும் தட்டுகிறது. நேரில் தொடங்கிக் காயில் முடியும் சொல் ஒன்று வைத்தால் இரண்டு மூட்டும் ஒரே அடியில் சரியாகும். ‘மூச்சிரைக்கும்’ அப்படிப்பட்டது, மூச்/சிரைக்/கும், கூவிளங்காய். மு–மூ மோனையும் கெடாது. ‘முழங்கு’வைத்தான் விடமாட்டேன் என்றால் ‘முன்னுக்குப் போபோ முழங்குகின்ற கண்டக்டர்’ என்று வைக்கலாம். போ/போ தேமா, அதன் முன் நிரை, சரி. ஆனால் மூச்சிரைக்கும் கண்டக்டர் கண்ணுக்கு முன் நிற்கிறார். முழங்குகின்ற கண்டக்டர் மேடைப் பேச்சாளர் மாதிரி.

இரண்டாமடியில் சொற்களை இடம் மாற்றினாலே போதும். ‘சொன்னபடி நானும் நடந்தேனே’ என்று ஓர் ஏகாரம் சேர்த்துப் போடுங்கள். தட்டிய மூன்று தளையும் ஒன்றாக ஒட்டிவிடும். ஆனால் சொ–ந மோனை ஆகாது. சகரத்துக்கு இனமோனை தகரம், நகரத்துக்கு ஞகரம். அதனால் ‘சொன்னபடி சென்றேன் சுறுக்காக’ என்று மாற்றுகிறேன். சொ–சு முதற்சீருக்கும் மூன்றாம் சீருக்கும் பொழிப்பு மோனை. ‘சுறுக்கா’ நம்முடைய வாய்ச்சொல்லும்கூட.

மூன்றாமடி ‘கால்நடையாய்’. இங்கே தளையை விட எதுகைதான் பெரிய குறை. முன், சொன், பின், இன் என்று னகர ஒற்று வரிசையாக வரும்போது நடுவில் ‘கால்’ வந்து நிற்கிறது. இரண்டாம் எழுத்து ல். முதலெழுத்தும் நெடில். எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்கவேண்டும். ‘என்கால்’ என்று தொடங்கினால் இரண்டும் தீரும்.

முன்னுக்குப் போவென்று மூச்சிரைக்கும் கண்டக்டர்
சொன்னபடி சென்றேன் சுறுக்காகப் - பின்னென்ன
என்கால் புறக்கோட்டை எட்டியபின் பார்த்தாலும்
இன்னும் வரவில்லை பஸ்.

நீங்களே ஒருதரம் அலகிட்டுப் பாருங்கள். 14 மூட்டும் இப்போது வெண்பாவுக்குரிய வெண்டளை. இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையும் கலந்து வருவதால் ஓசை ஒழுகிசைச் செப்பல். நான்கடிக்கும் தனிச்சீருக்கும் ஒரே எதுகை என்பதால் ஒருவிகற்ப நேரிசை வெண்பா.

மருதானை மைனா:

திருத்தியது வடிவாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். ‘கண்டக்டர்’ என்பதை ‘நடத்துனர்’ ஆக்கினால் தமிழாகவும் இருக்கும்தானே? மூன்றாமடியில் ‘என்கால்’ என்பதை விட ‘என்னிருகால்’ என்றால் ‘ன்ன’ முழுசாகப் பொருந்தும் போல இருக்கிறது.

அசைபோடுபவர்:

‘நடத்துனர்’ நடத்/துனர், கருவிளம். நிரையில் தொடங்குகிறது. முன்னால் ‘மூச்சிரைக்கும்’ காய்ச்சீர். காய் முன் நிரை என்று பழைய கலித்தளை திரும்பி வந்துவிடும். அதைத் தவிர்க்க மூன்றாம் சீரை மாச்சீராக்கி, மோனையும் பார்த்து… ஒரு சொல்லுக்காக அடி முழுவதையும் இடித்துக் கட்டவேண்டும். பகிடிப் பாட்டில் ‘கண்டக்டர்’ இருந்தால் யாருக்கும் நோகாது.

‘என்னிருகால்’ நல்ல கண். என்/னிரு/கால் கூவிளங்காய், அடுத்தது நேரில் தொடங்கவேண்டும். அதனால் ‘புறக்கோட்டை’ நிற்க முடியாது. ‘என்னிருகால் கோட்டைதனை எட்டியபின்’ என்று வரும். தளை சரி, எதுகை முன்னதை விடப் பொலிவு. ஆனால் 100ஆம் இலக்கம் போய் முடிகிற இடம் புறக்கோட்டை. கடைசித் தரிப்பிடம் வரைக்கும் நடந்தே போய்ச் சேர்ந்தான் என்பதுதான் மிகை. கோட்டையில் நிறுத்தினால் அந்த மிகை கொஞ்சம் குறைகிறது, ‘தனை’ வேறு வெறும் இடநிரப்பி. இரண்டாம் எழுத்து ன் ஒத்திருக்கிறது, இலக்கணத்துக்கு அது போதும். நான் ‘என்கால் புறக்கோட்டை’க்கே வாக்களிப்பேன்.

‘கோட்டைதனை’ என்று அலகிடும்போது ஒரு பொறி இருக்கிறது, அதையும் கவனியுங்கள். கோட்/டைத/னை. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகிக் குறில்போல் நிற்கும். டை+த இரண்டும் சேர்ந்து நிரை. ஐகாரத்தை நெடிலென்று எண்ணி கோட்/டை/தனை என்று பிரித்தால் நேர் நேர் நிரை, தேமாங்கனி. வெண்பாவில் கனி வந்துவிட்டதே என்று வீணாகத் தலையைப் பிய்க்க வேண்டிவரும்.

தெகிவளைத் தும்பி:

மிக்க நன்றி ஐயா. பஸ் என்று முடியும்போது சிரிப்பு வருகிறது, பேருந்து என்றபோது வரவில்லை. அது ஈற்றுச்சீர் விதியால் மட்டும்தானா?

குறும்பாக் கிறுக்கி:

விதியால் மட்டும் இல்லை. சிரிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இந்தப் பாட்டில் பகிடியின் முழுப் பாரமும் கடைசிச் சொல்லில்தான். ‘பஸ் இன்னும் வரவில்லை’ என்பதுதான் நாம் கதைக்கும் ஒழுங்கு. எழுவாயைப் பின்னுக்குத் தள்ளியதால் வராதது எது என்று கடைசி அசை வரைக்கும் தெரியாது. வெண்பா அதற்கென்றே செய்த மாதிரி. மூன்று அடிகள் நாலு சீராகப் போய்ப் பழகிய காது ஈற்றடியிலும் நாலை எதிர்பார்க்கும். அது மூன்றில் நின்றுவிடும், அதிலும் மூன்றாவது ஒரே அசை. ‘பேருந்து’ மூன்று அசை இழுத்துக்கொண்டு போவதால் சொல் முடியுமுன்பே கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது.

அடுத்தது தனிச்சீர். அரைப்பாட்டு முடியும் இடத்தில் ஒரு கோடு போட்டு நிற்கிற சீர் அது. பலர் அதில் எதுகைக்காக ‘மன்னும்’, ‘துன்னும்’ என்று சும்மா ஒரு சொல்லை வைத்துவிடுகிறார்கள். நகைச்சுவையில் அந்த இடத்தை வீணாக்கக்கூடாது. கதை திரும்பும் இடம் அது. ‘பின்னென்ன’ இங்கே அந்த வேலையைச் செய்கிறது. சொன்ன சொல் கேட்ட சாதாரணப் பயணி அதற்கு முன்னால், மிகைக் கதை அதற்குப் பின்னால்.

இன்னொன்று: ‘பஸ்’ என்ற சொல் கடைசிக்கு முன்னால் எங்கும் தலைகாட்டக் கூடாது. கண்டக்டர் வந்தவுடனே இடம் தெரிந்துவிடுகிறது, அதனால் பஸ் என்று சொல்லத் தேவையில்லை. தலைப்பை ‘பஸ் பயணம்’ என்று வைத்தீர்களோ, அந்த முதல் இரண்டு எழுத்திலேயே பாட்டு முடிந்துவிடும். அறிவிப்பாளரிடமும் சொல்லி வையுங்கள், அவர்கள் முன்கூட்டியே சுருக்கம் சொல்லிவிடுவார்கள்.

மரபில் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க சாப்பாடு தாமதமாகும் நாகைச் சத்திரத்தைக் காளமேகப் புலவர் கேலிசெய்த வெண்பாவை எடுங்கள். அது இருவிகற்பம். கத்து, அத்த, குத்தி என்று முதலிரண்டு அடியும் தனிச்சீரும் ஓர் எதுகை. உலையிலிட, இலையிலிட என்று பின்னிரண்டு அடியும் வேறு எதுகை. எதுகை மாறும் இடத்தில் அரிசி குத்தும் வேலை முடிந்து சமையல் தொடங்குகிறது. பொழுது சாயும்போது அரிசி, ஊர் அடங்கும்போது உலை, விடிவெள்ளி எழும்போது இலையில் சோறு. ‘எழும்’ என்று மலர் வாய்பாட்டில் பாட்டு நிற்கும்போது ராத்திரியே போய்விட்டது. உங்கள் பாட்டில் அப்படிக் காலப்படிகள் இல்லை, ஒரே ஓட்டம். அதனால் ஒரே எதுகை பொருத்தம்தான்.

என்றாலும் என்னைக் கேட்டால் இந்தக் கருவுக்கு வெண்பாவை விடக் குறும்பா பொருத்தம். நம்முடைய மஹாகவி, து. உருத்திரமூர்த்தி, ஆங்கிலத்தின் ஐந்தடி நகைச்சுவைப் பாட்டான லிமரிக்கைத் தமிழுக்கு இழுத்து வந்து 1966இல் தொகுப்பாகவே வெளியிட்ட வடிவம் அது. ஐந்தடி. லிமரிக்கில் 1, 2, 5ஆம் அடிகளில் மூன்று அழுத்தம், 3, 4இல் இரண்டு. தமிழில் அழுத்தத்துக்குப் பதில் சீர் எண்ணிக்கை. நீள அடிகளில் காய் காய் மா, குட்டை அடிகளில் காய் காய். நீள அடிகள் மூன்றும் ஒரே இயைபில், அதாவது ஒரே ஈற்று ஒலியில் முடியவேண்டும்.

முன்னுக்குப் போவென்றார் முண்டி
மூச்சடக்கி நான்போனேன் நொண்டி
கோட்டைக்கு வந்தபின்னும்
கூட்டத்தைக் காணவில்லை
வெள்ளவத்தை தாண்டவில்லை வண்டி!

முண்டி, நொண்டி, வண்டி இயைபு. கோட்டை–கூட்டம் எதுகையும் மோனையும் சேர்ந்த குட்டைச் சோடி. வெண்பாவில் எதுகை அடியின் தலையில் நிற்கும், குறும்பாவில் வாலில் அடிக்கும். சபைக்கு வால்தான் கேட்கும்.

அசைபோடுபவர்:

அக்கா, குறும்பா துள்ளுது. அதில் மறுப்பில்லை. ஆனால் முண்டி, நொண்டி என்று இரண்டு தரம் கேட்டவுடனேயே முன் வரிசைக்காரர் ‘வண்டி’ என்று உங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார். வெண்பாவில் ‘பஸ்’ எந்த எதுகைக்கும் கடன்படவில்லை, ஆகவே யாரும் ஊகிக்க முடியாது. கொழும்பில் பஸ்ஸை வண்டி என்பவர்களும் குறைவு, இயைபுக்காகத்தான் அது வந்து நிற்கிறது.

குறும்பாக் கிறுக்கி:

முன் வரிசை முந்திக்கொண்டு சொல்வதுதான் குறும்பாவின் வெற்றி, ஐயா. தாங்களும் சேர்ந்து முடித்தோம் என்று சிரிப்பார்கள். ‘வண்டி’ பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். இயைபு மாற்றி எழுதவேண்டும்.

மருதானை மைனா:

இரண்டையும் எடுத்துப்போங்கள் தும்பி. எனக்குக் கடைசியாக ஒன்று. ஆங்கிலச் சொல் வரும்போது அலகிடுவது எப்படி? ‘ட்ராபிக்’, ‘ஸ்டேஷன்’ எல்லாம் மெய்யில் தொடங்குகின்றனவே.

அசைபோடுபவர்:

தமிழில் மெய் சொல்லுக்கு முதலில் வராது. ஒரு உயிரைச் சேர்த்து எழுதிவிட்டு, எழுதியபடியே அலகிடுங்கள். ‘டிராபிக்’ டிரா/பிக், புளிமா. ‘இஸ்டேசன்’ இஸ்/டே/சன், தேமாங்காய். ‘பிளேன்டீ’ பிளேன்/டீ, புளிமா. ‘டிக்கட்’ டிக்/கட், தேமா. ஒரே சொல்லை ஓரடியில் ‘ட்ராபிக்’ என்றும் இன்னோரடியில் ‘டிராபிக்’ என்றும் எழுதி இரண்டு விதமாக எண்ணுவது கள்ளக்கணக்கு.

இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை குற்றியலுகரத்தில். ‘காசு இல்லை’ என்று பிரித்து எழுதிவிட்டு கா/சு தேமா, இல்/லை தேமா என்று அலகிடுகிறார்கள். மா முன் நேர், தட்டும். உயிர் வந்தால் உகரம் ஓடிவிடும். ‘காசில்லை’ என்று சேர்த்துப் பார்த்தால் கா/சில்/லை, ஒரே சீர், தேமாங்காய். இரண்டு சீர் ஒன்றாகிவிட்டதால் அடியில் ஒரு சீர் குறையும், அதற்குச் சொல் தேடவேண்டும். ‘மிச்சக்காசு இல்லை’ என்று கண்டக்டரைப் பாட நினைப்பவர்கள் எல்லாரும் விழும் குழி.

தும்பி, மேடைக்கு ஒரு வார்த்தை. கவியரங்கில் அடியைத் திருப்பி வாசிக்கும் வழக்கம் உண்டு. முதல் இரண்டடியைத் திருப்புங்கள், கோட்டில் நில்லுங்கள், பிறகு பின்னிரண்டடியை ஒரே மூச்சில். ‘வரவில்லை’க்கும் ‘பஸ்’ஸுக்கும் இடையில் ஒரு சின்ன நிறுத்தம். ஈற்றடியை மட்டும் யார் ‘இன்னொருமுறை’ என்று கேட்டாலும் திருப்பாதீர்கள்.

தெகிவளைத் தும்பி:

வெண்பாவையே எடுக்கிறேன். தலைப்பு ‘முன்னுக்குப் போ’ என்று வைத்துவிட்டேன். அக்கா, குறும்பாவில் ‘வண்டி’யை மாற்றி எழுதினால் இங்கே போடுங்கள்.

குறும்பாக் கிறுக்கி:

போடுகிறேன். ‘பஸ்’ஸுக்கு இயைபு தேடுவதுதான் பாடு. யாருக்காவது தேமா வாய்பாட்டில் ‘பஸ்ஸே’க்குச் சோடி இரண்டு கிடைத்தால் எழுதுங்கள். ‘மிஸ்ஸே’, ‘கிளாஸ்ஸே’ வேண்டாம். முதலாவதில் ஓசை மட்டும் நிற்கிறது, இரண்டாவது நிரையில் தொடங்கிப் புளிமா ஆகிவிடும்.